எம்.டி. விலகினாரா, இல்லையா? சம்பளக் காசோலையில் யார் கையெழுத்து?

பீன்யா கணக்கர்:
பெங்களூரு பீன்யாவில் உதிரிபாகம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் கணக்குப் பிரிவு என் பொறுப்பு. இயக்குநர்கள் மூவர்: எம்.டி.யும் அவருடைய மைத்துனர்கள் இருவரும். நோய் என்னவென்று இதிலேயே புரிந்திருக்கும். மார்ச் 10 இரவு எம்.டி. ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். மார்ச் 31 முதல் இயக்குநர் பதவி, எம்.டி. பதவி இரண்டிலிருந்தும் விலகுகிறாராம். 16ஆம் தேதி மைத்துனர்கள் கூடி, ஏற்றுக்கொண்டோம் என்று தீர்மானம் எழுதினார்கள். 27ஆம் தேதி, விலகலைத் திரும்பப் பெறுவதாக அவரிடமிருந்து அடுத்த மின்னஞ்சல். ஏப்ரல் 1 காலை வழக்கம்போல் வந்து அமர்ந்து, விற்பனைக் கணக்கைக் கொண்டுவா என்கிறார். பெரிய மைத்துனரோ, அந்த ஆளிடம் ஒரு காகிதமும் காட்டாதே என்கிறார். இரு தரப்பும் வங்கிக்கு எழுதியதில் கணக்கு முடங்கிவிட்டது. 7ஆம் தேதிக்குள் தொழிலாளர்களுக்குச் சம்பளம் போட வேண்டும். அவர் எம்.டி.யா, இல்லையா?

மல்லேசுவரம் கமலம் (ஓய்வுபெற்ற கம்பெனி செகரட்டரி):
சார், முதலில் இரண்டு பதவிகளையும் பிரித்துப் பாருங்கள். இயக்குநர் விலகுவதற்கு யார் சம்மதமும் தேவையில்லை. 2013 கம்பெனிகள் சட்டம் பிரிவு 168இன்படி, கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த நாள், கடிதத்தில் குறித்த நாள், இவற்றில் எது பிந்தியதோ அன்று விலகல் நடைமுறைக்கு வரும். ஆகவே 16ஆம் தேதி அவர் முழு இயக்குநர். அன்றைய கூட்டத்துக்கு அவருக்கு அழைப்பு போனதா? பிரிவு 173 ஒவ்வோர் இயக்குநருக்கும் ஏழு நாள் முன்பே எழுத்தில் அறிவிக்கச் சொல்கிறது. அவசரக் கூட்டத்துக்கு அவகாசம் குறையலாம். அழைப்பே இல்லாமல் கூட முடியாது.

மாதுங்கா வக்கீல்:
திரும்பப் பெறுவதைப் பற்றி 1978 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத்தான் எம்.டி. தரப்பு முதலில் எடுக்கும். அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் 1977 ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாக மே மாதமே எழுதிவிட்டு, ஜூலை 15 அன்று திரும்பப் பெற்றார். குறித்த நாள் வரும்வரை விலகல் முழுமையடையவில்லை, ஆகவே திரும்பப் பெற்றது செல்லும் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. மைத்துனர்களுக்காக நான் நின்றால், அது அரசமைப்புப் பதவி, எம்.டி. வேலையோ ஒப்பந்தம், இரு தரப்பும் ஒப்பிய பின் ஒருவர் மட்டும் பின்வாங்க முடியாது என்று வாதிடுவேன். அதற்கு அந்தத் தீர்மானம் செல்லுபடியாக வேண்டும். கமலம் அம்மா வைத்த கண்ணி அங்கேதான் இருக்கிறது.

ஏற்றுக்கொண்ட காகிதத்தோடு எல்லாம் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். ஐசிஐசிஐ வங்கி தன் எம்.டி.யாக இருந்த சந்தா கோச்சரின் முன்கூட்டிய ஓய்வை 2018 அக்டோபரில் ஏற்றது. விசாரணை அறிக்கை வந்த பின், 2019 ஜனவரியில் அதையே பணிநீக்கமாகக் கருதுவதாக அறிவித்தது. வழக்கு மும்பை உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஏறி இறங்கியது. உங்கள் கதை வேறு, ஆனால் செலவு அதே மாதிரி ஆகும்.

பீன்யா கணக்கர்:
அழைப்பு போகவில்லை. விலகியவருக்கு எதற்கு என்றார்களாம். இப்போது இயக்குநர் மாற்றத்தை அரசுக்குத் தெரிவிக்கும் டிஐஆர்-12 படிவத்தை இன்றே பதிவேற்று என்று என் தலையில் கட்டுகிறார்கள்.

மல்லேசுவரம் கமலம்:
தொடாதீர்கள். அதற்கு 30 நாள் இருக்கிறது. ஒருமுறை அரசுப் பதிவேட்டில் அவர் பெயர் நீங்கிவிட்டால் திரும்ப ஏற்றுவதற்குத் தீர்ப்பாயம் வரை அலைய வேண்டியிருக்கும். மைத்துனர்களிடம் பங்குப் பெரும்பான்மை இருந்தால், இந்த மின்னஞ்சலைப் பிடித்துத் தொங்குவானேன்? பிரிவு 169இன்படி முறையாகச் சிறப்பு அறிவிப்புக் கொடுத்து, பங்குதாரர் பொதுக்குழுவில் அவருடைய பதிலையும் கேட்டு, சாதாரணத் தீர்மானத்தால் நீக்கலாம். இயக்குநர் இல்லாதவர் எம்.டி.யாக நீடிக்க முடியாது. பெரும்பான்மை இல்லை என்றால் அவர்கள் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்பது புரிகிறது.

சம்பளத்துக்கு மட்டும் மூவரும் கையெழுத்திட்ட ஒரே கடிதத்தை வங்கிக்குக் கொடுங்கள். தொகையைக் குறித்து, 'எவர் உரிமைக்கும் பாதகமின்றி' என்று ஒரு வரி சேருங்கள். மைத்துனர்கள் முரண்டு பிடித்தால், எம்.டி. வீட்டம்மாவிடம் சொல்லுங்கள். இருவருக்கும் அவர் அக்காதானே?