31 கருத்து வந்த இடத்தில் இப்போது வெறும் "சரி"

இரணைமடுக்காரி:
கிளிநொச்சியில் வீட்டிலிருந்தே ஒரு மென்பொருள் கம்பனிக்கு வேலை செய்கிறேன். சேர்ந்தபோது எங்கள் பிரிவில் 12 பேர். ஒன்றரை வருடத்தில் 90 ஆகிவிட்டோம். நான் எழுதிய கோடைச் சேர்க்க முன் மற்றவர்கள் வாசித்துப் பார்க்கும் முதல் கோட் ரிவியூவில் 31 கருத்துகள் வந்தன. அழுதேவிட்டேன். ஆனால் ஒவ்வொன்றின் கீழும் ஏன் என்று எழுதியிருந்தார்கள். நான் வேலை பழகியது அதில்தான்.

போன செவ்வாய் 1,400 வரி மாற்றம் ஒன்று நாலு நிமிடத்தில் உள்ளே போனது. "சரி" போட்டது நான். அன்று என் வரிசையில் 17 ரிவியூ கிடந்தது. இரவு அதனால் பணம் கட்டும் பக்கம் வேலை செய்யாமல் நின்றுவிட்டது. காலைக் கூட்டத்தில் முதல் கேள்வி, "யார் எழுதினது?" எழுதிய பிள்ளை வந்து இரண்டு மாதம். கமராவை நிறுத்திவிட்டாள். நானும் வாய் திறக்கவில்லை. மூன்று நாளாக மனம் ஆறவில்லை. நாங்கள் பழகிய முறையை 90 பேருக்குள் எப்படிக் காப்பாற்றுவது?

செட்டிகுளத்தான்:
தங்கச்சி, 12 பேர் ஒருவரோடொருவர் கதைக்க 66 இணைப்பு. 90 பேருக்கு 4,005. பிந்திய வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் பிந்தும் என்று மென்பொருள் வல்லுநர் பிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார். புதியவரைப் பழக்கப் போவது பழையவரின் நேரம்தானே. இரணைமடுவில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று குளத்துத் தண்ணீரைப் பார்த்துத்தானே முடிவெடுக்கிறார்கள்? பழக்கக்கூடிய ஆட்கள் எத்தனை என்று பார்த்துத்தான் புதியவர்களை எடுக்க வேண்டும். மேலிடத்தில் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம், 1,400 வரியை யாராலும் வாசிக்க முடியாது. கூகுள் வெளியிட்ட ரிவியூ வழிகாட்டியில் 100 வரி அளவானது, 1,000 வரி பெரும்பாலும் மிஞ்சியது என்று இருக்கிறது. அளவு பெரிது என்ற ஒரே காரணத்துக்காகவே திருப்பி அனுப்பலாம் என்றும் இருக்கிறது. திருப்பி அனுப்புங்கள்.

முள்ளியவளைப் பிள்ளை:
அக்கா, நானும் சேர்ந்த புதிதில் டேட்டாபேஸில் ஒரு அட்டவணையை அழித்தவள். என்னிடம் யாரும் "ஏன் செய்தாய்" என்று கேட்கவில்லை. எத்தனை மணிக்கு எச்சரிக்கை வந்தது, எந்த டெஸ்ட் இருந்திருந்தால் பிடித்திருக்கும், புதியவருக்கு அழிக்கும் அனுமதி எப்படி வந்தது என்று பக்கத்தில் இருந்து எழுத வைத்தார்கள். அந்தக் குறிப்பைத்தான் இன்றும் புதிதாக வருபவர்களுக்குக் காட்டுகிறேன். அந்தப் பிள்ளையோடு தனியாகக் கதையுங்கள். அவள் இப்போது வேலையை விடுவதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருப்பாள்.

இரணைமடுக்காரி:
இன்று காலை அவளுக்குக் கோல் எடுத்தேன். முதல் பத்து நிமிடம் கதைக்கவே இல்லை. பிறகு இருவரும் சேர்ந்து குறிப்பை எழுதினோம். முதல் வரி, "ரிவியூ செய்தவர் வாசிக்காமல் ஒப்புதல் கொடுத்தார்." அதற்கு நேரே என் பெயர். பிரிவு முழுவதற்கும் அனுப்பிவிட்டேன். அண்ணை சொன்னதை அடுத்த ஆள் எடுக்கும் கூட்டத்தில் கேட்பேன். பின்னேரம் அவள் புதிதாக ஒரு மாற்றம் அனுப்பியிருக்கிறாள், 86 வரி. இப்போது அதைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.