ஒத்த பிட்சர்களைக் குழுவாக்கி பேட்டரை மதிப்பிடுவது: குழுக்கள் பொருத்தமாக வரவில்லை, உதவி தேவை

மூன்றாம்பேஸ் (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். பேஸ்பால் ஒளிபரப்பில் "இந்த பிட்சருக்கு (பந்து எறிபவருக்கு) எதிராக 9க்கு 5" (ஒன்பது வாய்ப்புகளில் ஐந்து வெற்றிகரமான அடிகள்) என்று திரையில் காட்டும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஒன்பது வாய்ப்புகளை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆனால் பந்து வரும் கோணத்தையும் விதத்தையும் பொறுத்து ஒவ்வொரு பேட்டருக்கும் பலமும் பலவீனமும் இருக்கின்றன என்பதை நான் நம்புகிறேன். அதனால் ஒரே மாதிரி எறியும் பிட்சர்களை ஒரு குழுவாக்கி, அந்தக் குழுவுக்கு எதிரான பேட்டரின் மொத்தக் கணக்கைப் பார்க்க முயல்கிறேன்.

பேஸ்பால் சாவன்ட் தளத்திலிருந்து ஸ்டாட்காஸ்ட் தரவை (ஒவ்வொரு பந்தையும் கருவிகளால் அளந்த பதிவு) இறக்கி, ஒவ்வொரு பிட்சரின் ஃபாஸ்ட்பால் (வேகப்பந்து) வேகம், சுழற்சி, பக்கவாட்டு அசைவு, செங்குத்து அசைவு, பந்தை விடும் உயரம் ஆகியவற்றின் சராசரியை எடுத்து கே-மீன்ஸ் என்ற, ஒத்தவற்றைத் தானாகக் குழுவாக்கும் கணக்குமுறையில் கொடுத்தேன். வரும் குழுக்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. தரையை உரசுவது போலக் கீழிருந்து எறியும் டைலர் ரோஜர்ஸும், தலைக்கு மேலிருந்து எறியும் சாதாரண பிட்சர்களும் ஒரே குழுவில் நிற்கிறார்கள். குழுக்களின் எண்ணிக்கையை மாற்றினாலும் இதே கதைதான். எங்கே தவறுகிறது?

எண்கணக்கன்

அளவுகளைச் சமன் செய்யாமல் கொடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு பிட்சர்களை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவரின் வேகம் 95 மைல், பந்தை விடும் உயரம் 6 அடி, சுழற்சி நிமிடத்துக்கு 2,400. இன்னொருவருக்கு 83 மைல், ஒன்றரை அடி, 2,250. வேக வித்தியாசத்தின் வர்க்கம் 144. உயர வித்தியாசத்தின் வர்க்கம் 20 சொச்சம். சுழற்சி வித்தியாசத்தின் வர்க்கமோ 22,500! கே-மீன்ஸ் இவற்றைக் கூட்டித்தான் தூரத்தை அளக்கிறது. ஆக, உங்கள் குழுக்கள் சுழற்சியை மட்டும் வைத்துப் பிரிந்திருக்கின்றன. மற்ற நான்கும் பெயருக்கு இருக்கின்றன, அவ்வளவுதான்.

தரவு அட்டவணையின் ஒவ்வொரு பத்தியிலும் (ஒவ்வொரு அளவிலும்) சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். பேட்டரின் கண்ணுக்குப் பந்தை விடும் உயரம் மிக முக்கியம் என்பது என் கருத்து, அதற்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுத்தாலும் தகும்.

மூன்றாம்பேஸ்

மிக்க நன்றி, ரோஜர்ஸ் இப்போது பிரிந்துவிட்டார். அவருக்கு மிக அருகில் ஏடம் சிம்பர் வருகிறார், அது சரியாகவே படுகிறது. ஆனால் இடக்கை பிட்சர்கள் எல்லோரும் ஒரு மூலையில் குவிந்துவிட்டார்கள்.

வெளிக்களத்தான்

பக்கவாட்டு அசைவு கேட்சரின் பார்வையிலிருந்து பதிவாகிறது. அதனால் ஒரே மாதிரியான பந்துக்கு இடக்கையாளருக்கும் வலக்கையாளருக்கும் எதிரெதிர்க் குறி வரும். இடக்கையாளர்களின் பக்கவாட்டு அசைவை -1ஆல் பெருக்கிவிடுங்கள். பந்தை விடும் பக்கவாட்டு இடத்தையும் சேர்ப்பதாக இருந்தால் அதையும் அப்படியே. எந்தக் கை என்பதைத் தனிப் பத்தியாக வைத்துக்கொண்டு, பேட்டரைப் பார்க்கும்போது அவர் கைக்கு நேர் கையா எதிர்க் கையா என்று பிரியுங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள். பந்துகளின் பெயரை நம்பாதீர்கள். பக்கவாட்டில் அதிகம் விலகும் பந்துக்கான ஸ்வீப்பர் என்ற பெயரே 2023இல்தான் அந்தத் தளத்தின் வகைப்பாட்டில் தனியாக வந்தது. முன்பு அதே பந்துகளில் பலவும் ஸ்லைடர் (விலகிச் செல்லும் இன்னொரு வகைப் பந்து) கணக்கில் இருந்தன. ரோஜர்ஸின் ஸ்லைடரோ மேல்நோக்கி எழும்புகிறது, மற்றவர்களின் ஸ்லைடரோடு அதைச் சேர்ப்பதில் அர்த்தமே இல்லை. வேகத்தையும் அசைவையும் மட்டும் பாருங்கள்.

அடுத்து, பிட்சரை ஒரே ஆளாக எடுக்காமல் பருவம் பருவமாகப் பிரியுங்கள். பிட்சர் டிம் லின்செகமை நினைத்துப் பாருங்கள். 2008இலும் 2009இலும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய அந்த மனிதரின் ஃபாஸ்ட்பால் 2012 வாக்கில் 90 மைல் அளவுக்கு இறங்கிவிட்டது. பேட்டர் பால் கோல்ட்ஷ்மிட் 2011 ஆகஸ்ட்டில்தான் மேஜர் லீக்குக்கு வந்தார். லின்செகமை அவர் வெளுத்து வாங்கியது அந்தப் பிற்காலத்தில். 2008இன் லின்செகமைப் போல எறிபவருக்கு எதிராக கோல்ட்ஷ்மிட் என்ன செய்வார் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

எண்கணக்கன்

இதோடு ஒன்று சேர்க்கிறேன். கறாரான குழுக்களை விட்டுவிடுங்கள். குழுவின் ஓரத்தில் நிற்பவர், அடுத்த குழுவின் ஓரத்தில் நிற்பவரைத்தான் அதிகம் ஒத்திருப்பார். உங்களுக்கு வேண்டிய பிட்சரை நடுவில் வைத்து, மற்ற ஒவ்வொருவருக்கும் அவரிடமிருந்து உள்ள தூரத்துக்கு ஏற்ப எடை கொடுங்கள். அருகிலிருப்பவருக்கு 1ஐ ஒட்டி, தள்ளிப் போகப் போக 0ஐ நோக்கி.

மூன்றாம்பேஸ்

எடைமுறைக்கு மாறிவிட்டேன், படம் தெளிவாகிறது. ஒரு பேட்டருக்கு இப்படி ஏறத்தாழ 60 வாய்ப்புகள் சேர்கின்றன. அவற்றில் வோபா (ஒவ்வொரு விளைவுக்கும் அதன் மதிப்புக்கேற்ப எடை கொடுக்கும் பேட்டிங் அளவு) .420, அவரது மொத்த வோபா .330. இந்தவகை பிட்சர்களை அவர் நன்றாக ஆடுகிறார் என்று சொல்லலாமா?

பழையகிளவ்

அவசரப்படாதீர்கள். ஒரு வாய்ப்புக்கான வோபாவின் திட்ட விலக்கம் சுமார் 0.5. அறுபது வாய்ப்புகளில் தற்செயலால் மட்டுமே .065 அளவுக்கு ஏறி இறங்கும். நீங்கள் சொல்லும் .090 வித்தியாசம் அதன் ஒன்றரை மடங்கைக்கூட எட்டவில்லை. இத்தனை பேட்டர்களை அலசினால் இப்படிச் சிலர் தானாகவே தென்படுவார்கள்.

சராசரியை நோக்கி இழுங்கள். உதாரணத்துக்கு, .330 அளவில் 500 கற்பனை வாய்ப்புகளைச் சேர்த்தால் .420 என்பது .340 ஆகச் சுருங்கும். நம்பத்தக்க தகவல் அந்தப் பத்துப் புள்ளிதான் (.010). அந்த 500ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் தரவிலிருந்து கண்டுபிடியுங்கள். வலக்கை பேட்டர்களின் இடக்கை-வலக்கை வித்தியாசத்துக்கே பேஸ்பால் புள்ளியியலாளர் டாம் டாங்கோ குழுவினர் இப்படிச் சேர்க்க வேண்டியது சுமார் 2,200 வாய்ப்புகள் என்று கணித்தார்கள். நுட்பமான உங்கள் பிரிவுக்கு அதைவிடக் குறைவாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முக்கியமாக, அந்தப் பிட்சர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்பதைக் கழிக்க வேண்டும். சிங்கர் (கீழே இறங்கும் ஃபாஸ்ட்பால்) எறியும் மோசமான பிட்சர்கள் பத்துப் பேரை எதிர்கொண்டவர் சிங்கரை அடிப்பதில் சூரராகத் தெரிவார்! பேஸ்பால் புள்ளியியலாளர் பில் ஜேம்ஸின் லாக்5 முறையால் (இருவரின் திறனையும் சேர்த்து விளைவைக் கணிப்பது), இந்த பேட்டர், இந்த பிட்சர் என்ற ஒவ்வொரு ஜோடிக்கும் எதிர்பார்ப்பைக் கணக்கிட்டு, நடந்ததிலிருந்து அதைக் கழித்து, மிச்சத்தை மட்டும் சேருங்கள்.

பிறகு 2023 வரையிலான தரவில் கட்டி, 2024இல் சோதியுங்கள். பேட்டரின் மொத்தக் கணக்கும் கை வித்தியாசமும் மட்டும் தரும் கணிப்பை உங்கள் முறை வெல்லாவிட்டால் அதைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

மூன்றாம்பேஸ்

சோதித்துவிட்டேன். வழக்கமான மேல்கை பிட்சர்களிடம் எந்த முன்னேற்றமும் இல்லை. கை வித்தியாசமே போதுமானதாக இருக்கிறது. பக்கவாட்டிலும் கீழிருந்தும் எறிபவர்களிடம் மட்டும் பிழை சற்றுக் குறைகிறது. அவர்களை மட்டும் தனியாக எடுத்து, 2015இலிருந்து எல்லாப் பருவங்களையும் சேர்த்து மீண்டும் ஓட்டப் போகிறேன்.

பழையகிளவ்

அதுதான் சரி. அந்த ஓட்டத்தில் வோபாவுக்குப் பதிலாக, பந்து பட்ட வேகத்தையும் கோணத்தையும் வைத்துக் கணிக்கும் எக்ஸ்-வோபாவைப் பயன்படுத்துங்கள். ஃபீல்டிங்கால் வரும் அதிர்ஷ்டம் கொஞ்சம் கழிந்துபோகும்.