மாதம் 12,000 ரூபா கொடுத்து வியாபாரத்துக்கு வழிகாட்ட ஒரு கோச் தேவையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வெள்ளவத்தை_குசினி:
வணக்கம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் குசினி இருக்கிறது. ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், மத்தியானச் சோற்றுப் பார்சல். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். நான் விடிய நாலு மணிக்கு எழும்பினால் இரவு பதினொன்றுக்குக் கணக்குக் கொப்பியில் தலை வைத்துத் தூங்கிவிடுகிறேன். வியாபாரத்துக்குக் குறைவில்லை. காசு எங்கே போகிறது என்று கேட்டால்தான் எனக்குப் பதில் தெரியாது.

போன கிழமை ஒரு கந்தோரின் 120 பார்சல் ஓடரை வாட்ஸப்பில் பார்த்தேன், 'சரி' என்று பதிலும் போட்டேன், அப்படியே மறந்துபோனேன். பதினொரு மணிக்கு அவர்கள் அழைத்தபோது அடுப்பில் 40 பேருக்குத்தான் சோறு.

முன்பு இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை ஒன்றுக்குப் போயிருக்கிறேன். நல்ல சாப்பாடு, ஒரு சான்றிதழ், ஒரு கோப்பு. அந்தக் கோப்பு இப்போது மா அரிக்கும் அரிதட்டுக்குக் கீழே கிடக்கிறது.

இப்போது ஒருவர், மாதம் இரண்டு தடவை வந்திருந்து கதைப்பேன், ஒரு வருடம் விடாமல் வருவேன், மாதம் 12,000 என்கிறார். வீட்டில் 'கோச்' என்று சொன்னதும் அம்மா, "எந்த ஊருக்குப் போற கோச்சி?" என்று கேட்டார். 12,000 என்றால் எனக்கு 100 ரோல்ஸ் விற்ற காசு. உண்மையில் பயன் இருக்கிறதா?

கெய்சர்_வீதி_துணிக்கடை:
தங்கச்சி, நான் புறக்கோட்டையில் முப்பது வருடம். இதற்கெல்லாம் காசு கொடுத்ததில்லை. பக்கத்துக் கடை முதலாளி பின்னேரம் பிளேன்டீ குடிக்க வருவார், "அந்தக் காசோலை மாறிச்சா?" என்று கேட்பார். அடுத்த நாளும் கேட்பார். அவ்வளவுதான் எங்கள் கோச்சிங். 12,000ஐச் சீட்டில் போடுங்கள்.

கொட்டாஞ்சேனை_அச்சகம்:
அண்ணன் சொல்வது சரி. ஆனால் பக்கத்துக் கடைக்காரரிடம் என் கடன் எவ்வளவு என்று உண்மையைச் சொல்வேனா? சொன்னால் பின்னேரத்துக்குள் எனக்குக் கடதாசி கடன் தருபவரின் காதில் விழுந்துவிடும். கோச்சிடம் அந்தப் பயம் இல்லை.

என்னுடையது சின்ன அச்சகம். கலியாணக் கார்டு, பில் புத்தகம், கோயில் நோட்டீஸ். 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது நினைவிருக்கும். அந்த அடியிலிருந்து எழும்ப வழி தெரியாமல்தான் ஓய்வுபெற்ற வங்கி மனேஜர் ஒருவரைப் பிடித்தேன்.

முதல் நாள் அவர் வாயே திறக்கவில்லை. ஒரு கதிரையைப் போட்டு மூன்று மணித்தியாலம் இருந்தார். போகும்போது ஒரு துண்டு தந்தார்: 'உங்களை 41 தடவை கூப்பிட்டார்கள். 28 தடவை பெடியன்களே முடிவெடுத்திருக்கலாம்.' எனக்கு விசர்தான் வந்தது. அடுத்த தடவை அந்த 28ஐயும் கொப்பியில் எழுதச் சொன்னார். எந்தக் கார்டுக்கு எந்த மட்டை, எவ்வளவு அட்வான்ஸ் வந்தால் வேலை தொடங்கலாம், எதுவரை விலை குறைக்கலாம், இப்படி. நான் எழுதவில்லை. வந்து கேட்டார். வேலை கூட என்றேன். சரி என்று போனார். திரும்ப வந்து அதையே கேட்டார். நாலாம் தடவை வெட்கத்தில் ஒரே இரவில் எழுதி முடித்தேன். இப்போது நான் யாழ்ப்பாணம் போய்வந்தாலும் கடை நடக்கிறது.

இன்னொன்று. 50,000 சம்பளக்காரருக்கு முதலாளி பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கட்டுகிறோம் அல்லவா? அப்போது அவர் நமக்கு 57,500. கார்டு விலை போடும்போது நான் 50,000ஐத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். மூன்று பேருக்கும் மாதம் 22,500 என் பையிலிருந்து போயிருக்கிறது. கட்டினேன், கணக்கில்தான் சேர்க்கவில்லை!

எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் வேண்டாம். கோயில் நோட்டீஸில் இலாபமில்லை, விடுங்கள் என்றார். விடவில்லை. நோட்டீஸுக்கு வரும் ஐயா சொல்லித்தான் பாதிக் கலியாணக் கார்டு எனக்கு வருகிறது. வங்கிக்காரருக்கு அது எப்படித் தெரியும்? அப்புறம், ஒரு வருடக் காசை முன்கூட்டிக் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

தெஹிவளை_வாசகன்:
இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கொழும்பிலும் கண்டியிலும் பெண்கள் நடத்தும் சிறுதொழில்களை எடுத்து, ஒரு பகுதியினருக்குச் சர்வதேச தொழில் தாபனத்தின் பயிற்சியை மட்டும் கொடுத்தார்கள், இன்னொரு பகுதியினருக்குப் பயிற்சியோடு 15,000 ரூபா மானியமும். முடிவு 2014இல் வெளிவந்தது. வகுப்பு மட்டும் எடுத்தவர்களின் பழக்கங்கள் கொஞ்சம் மாறின, இலாபம் மாறவில்லை. மானியமும் பெற்றவர்களுக்கு முதலில் கூடிய இலாபம் இரண்டாம் வருடத்தில் கரைந்துபோனது. அக்காவின் அரிதட்டுக் கோப்பு அந்த முதல் ரகம்.

கென்யாவில், நைரோபியின் டண்டோரா என்ற பகுதியில் வேறு மாதிரி செய்தார்கள். இளம் பெண் வியாபாரி ஒவ்வொருவருக்கும் அதே இடத்தில் நன்றாக நடத்தும் மூத்த பெண் வியாபாரி ஒருவரைத் துணையாக்கினார்கள். இலாபம் சராசரியாக 20 வீதம் கூடியது. பெரிதாக ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, எங்கே சரக்கு மலிவு என்பது போன்ற உள்ளூர் விஷயம்தான். சந்திப்பது நின்றதும் பலனும் குறைந்துவிட்டது. அதனால் உங்கள் ஆள் எப்போதாவது ஒரு குசினி நடத்தியிருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

வெள்ளவத்தை_குசினி:
எல்லோருக்கும் நன்றி. அச்சகத் தம்பி சொன்னதைப் படித்துவிட்டு, ரோல்ஸ் உருட்டும் பிள்ளையிடம் நேற்று என்னைக் கூப்பிடுவதை எண்ணச் சொன்னேன். மத்தியானம் வரைக்கும் 63. அதில் ஒன்பது தடவை "அக்கா, உப்புப் போட்டாச்சா?" என்பதுதான்.

அவர் முன்பு பம்பலப்பிட்டியில் பேக்கரி வைத்திருந்தவராம். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். மூன்று மாதம் பார்ப்போம், காசு மாதாமாதம். தம்பி, வந்திருப்பவருக்குத் தேத்தண்ணி போதுமா, சோற்றுப் பார்சலும் கொடுக்கவேண்டுமா?

கொட்டாஞ்சேனை_அச்சகம்:
கொடுங்கள் அக்கா. அந்தப் பார்சலையும் செலவில் எழுதிவையுங்கள். முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.