சுவருக்குள் புதைத்த எச்.டி.எம்.ஐ. கேபிள்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

திருச்சியிலிருந்து

வீடு கட்டுகிற யாராவது ஒருவர் சுவரைப் பூசுவதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டால் எனக்குப் போதும்.

2015இல் வீடு கட்டும்போது மாடியில் 18க்கு 12 அடியில் ஓர் அறையைப் படம் பார்ப்பதற்கென்றே ஒதுக்கினோம். முன்சுவரில் திரை, அதன் கீழே பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும், பின்பக்கம் கூரையில் புரொஜெக்டர். படத்தையும் ஒலியையும் கொண்டுபோகிற எச்.டி.எம்.ஐ. கேபிள் திரைக்குக் கீழிருந்து சுவரில் ஏறி, கூரையை ஒட்டிப் பின்னால் போய்ப் புரொஜெக்டருக்கு இறங்க வேண்டும். அளந்து பார்த்து 12 மீட்டர் செப்புக் கேபிள் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். எலக்ட்ரீஷியன் அதை 25 மி.மீ. பைப்பில் கோத்து, சுவரில் காடி வெட்டிப் பதித்தார். கொத்தனார் பூசினார். பட்டி பார்த்துப் பெயின்ட்டும் அடித்தாயிற்று. ஒரு வயர்கூட வெளியே தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டுவேன்.

ஏழெட்டு வருடம் ஒரு குறையும் இல்லை. 2023இல் மிக நுணுக்கமான 4கே படம் காட்டும் புரொஜெக்டர் வாங்கிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. சினிமா நன்றாக ஓடியது. கிரிக்கெட் போட்டால் மட்டும் திரையெங்கும் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும். அப்புறம் இரண்டு மூன்று விநாடி முழு இருட்டு. மறுபடி படம் வரும். புரொஜெக்டர்தான் பழுது என்று நினைத்து சர்வீஸ் ஆளை இரண்டு தடவை வரவழைத்தேன். அவர் கொண்டுவந்த கருவியில் எல்லாம் சரியாகவே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளேயரைத் தூக்கிக்கொண்டு போய்ப் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் ஏணியின் மேல்தட்டில் வைத்து, 2 மீட்டர் கேபிளால் நேராக இணைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. கோளாறு சுவருக்குள் இருந்திருக்கிறது. உங்கள் வீட்டில் புள்ளியோ இருட்டோ வந்தால், வேறு எதையும் மாற்றுவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பத்து நிமிட வேலை.

சினிமா ஓடி கிரிக்கெட் ஓடாததற்குக் காரணம் பிறகு புரிந்தது. 1080பி, அதாவது ஃபுல் எச்.டி. படம் விநாடிக்கு 60 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓட, கேபிளில் விநாடிக்கு சுமார் 4.5 ஜிகாபிட் தரவு போக வேண்டும். 4கே படம் 24 ஃபிரேமில் ஓட சுமார் 8.9. அதே 4கே 50 அல்லது 60 ஃபிரேம் ஆகிவிட்டால் சுமார் 17.8. நான் வாங்கியது 10.2 ஜிகாபிட் காலத்துக் கேபிள். திரைப்படம் 24 ஃபிரேம் என்பதால் தப்பித்தது, விளையாட்டு தப்பவில்லை. 18 ஜிகாபிட் போகிற எச்.டி.எம்.ஐ. 2.0 வந்தது 2013இல். அதாவது நான் கேபிள் வாங்கியபோதே அடுத்த தலைமுறை வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சைகையை வலுப்படுத்தும் பூஸ்டர் ஒன்று வாங்கி நடுவில் போட்டுப் பார்த்தேன். புள்ளி குறைந்தது, இருட்டு நிற்கவில்லை. பழைய கேபிளின் நுனியில் புதியதைக் கட்டி இழுத்துவிடலாம் என்று நானும் மைத்துனரும் அரை நாள் போராடினோம். ஓர் அங்குலம்கூட அசையவில்லை. உடைத்த பிறகுதான் காரணம் தெரிந்தது. பைப் மூட்டுகளில் சொல்யூஷன் (பைப் ஒட்டும் பசை) போட்டு ஒட்டாமல் விட்டிருக்கிறார்கள், பூசும்போது சிமெண்டுப் பால் உள்ளே இறங்கிக் கேபிளோடு சேர்ந்து இறுகியிருக்கிறது. அது மட்டுமில்லை, வழியில் மூன்று எல்போ, அதாவது சட்டென்று திரும்பும் வளைவுத் துண்டு. கேபிளின் தலை எல்போவுக்குள் திரும்பவே திரும்பாது. முதலில் எப்படிப் போயிற்று என்றால், பைப்பைத் துண்டு துண்டாகக் கேபிளில் கோத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

சுவரை உடைத்த நாட்களை நினைத்தால் இன்னும் மனம் கனக்கிறது. அம்மாவுக்கு ஆஸ்துமா. கட்டர் ஓடத் தொடங்கிய அரை மணி நேரத்தில் மாடி முழுக்கச் சிவப்புத் தூசி. கதவு இடுக்கில் ஈரத்துணி அடைத்தும் கீழே வரை வந்துவிட்டது. அம்மாவைத் தங்கை வீட்டில் ஐந்து நாள் விட்டுவைத்தோம். உடைப்பு, பூச்சு, பெயின்ட் எல்லாம் சேர்த்து 19,000 ரூபாய் ஆயிற்று. புதிய கேபிளின் விலை அதில் பாதிகூட இல்லை.

இப்போது இருப்பது 15 மீட்டர் ஃபைபர் கேபிள், செப்புக்குப் பதில் ஒளியிழையில் படத்தைக் கொண்டுபோவது. செப்புக் கம்பியில் 18 ஜிகாபிட் ஏழெட்டு மீட்டருக்கு மேல் நம்பிப் போகாது என்பது என் அனுபவம். ஃபைபரில் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. உள்ளே இழுப்பதற்கு முன்னால் தரையில் விரித்துப் போட்டு, இரண்டு மணி நேரம் கிரிக்கெட் ஓடவிட்டுப் பார்த்தோம். அதன் பிறகே பைப்பில் விட்டோம். சுவரில் பதித்தது 50 மி.மீ. பைப். இனி எந்தக் கேபிள் வந்தாலும் சுவரைத் தொட வேண்டியதில்லை. அம்மா இந்த மார்கழிக் கச்சேரிகளை அந்த அறையில் உட்கார்ந்துதான் கேட்டார்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து

ஃபைபர் கேபிள் போடுகிறவர்கள் கவனிக்க ஒரு விஷயம். அதற்குத் திசை உண்டு. ஒரு தலையில் சோர்ஸ் (பிளேயர் பக்கம்) என்றும் மறு தலையில் டிஸ்பிளே (புரொஜெக்டர் பக்கம்) என்றும் எழுதியிருக்கும். மின்சைகையை ஒளியாக மாற்றும் சில்லு ஒரு முனையிலும், ஒளியைத் திரும்ப மின்சைகையாக்கும் சில்லு மறு முனையிலும் இருப்பதால் மாற்றிச் செருகினால் படமே வராது. எங்கள் வீட்டில் தலைகீழாக இழுத்து, ஃபால்ஸ் சீலிங்கையும் மூடிவிட்டார்கள். இரண்டு ஜிப்சம் பலகையைக் கழற்றி மறுபடி இழுத்தோம்.

இரண்டாவது தடவை இழுக்கும்போது மூலையில் மடிந்துவிடாமல் நான் பக்கத்திலேயே நின்றேன். ஃபைபர் உள்ளே கண்ணாடி இழை. செப்பு வயரைப் போல மடக்கி டேக் (கட்டும் பிளாஸ்டிக் பட்டை) போட்டு இறுக்கினால் உடைந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.

ஸ்கார்பரோ, கனடாவிலிருந்து

இங்கே எங்களுக்கு உடைக்கிற பாடு இல்லை. சுவர் என்பது மரச்சட்டமும் இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகையும்தான். சட்டங்கள் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்று. மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை, நடுவில் கேபிளைத் தொங்கவிட்டால் இறங்கிவிடும். ஆனால் நான் முதலில் வீட்டின் வெளிச்சுவரில் இறங்கினேன். உள்ளே குளிர்காப்புப் பஞ்சு அடைத்திருந்தது, அதற்கு முன்னால் ஈரம் தடுக்கும் பிளாஸ்டிக் தாள் வேறு. அதைக் கிழித்துவிட்டால் குளிர்காலத்தில் சுவருக்குள் ஈரம் கட்டும். கிழிந்த இடத்தை டேப் போட்டு மூடிவிட்டு உட்சுவருக்கு மாற்றிக்கொண்டேன்.

இன்னொன்று, இங்கே சுவருக்குள் சாதாரணக் கேபிள் போடக் கூடாது. தீப் பரவாத உறை உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். கேபிளின் மேலேயே சி.எல். 3 அல்லது எஃப்.டி. 4 போன்ற குறி அச்சாகியிருக்கும். மரவீட்டில் இது விளையாட்டான விஷயம் இல்லை.

மதுரையிலிருந்து

வணக்கம் சார். நான் 22 வருடமாக வயரிங் வேலை செய்கிறேன். திருச்சி சார் எழுதியதைப் படித்ததும் எங்கள் பக்கத்தையும் சொல்லத் தோன்றியது. வீட்டுக்காரர் கேபிளைக் கையில் கொடுத்து உள்ளே போடச் சொல்வார். பைப் அளவைப் பற்றிப் பேச்சே இருக்காது. எங்களிடம் லைட் பாயிண்டுக்கு வாங்கிய 25 மி.மீ. பைப் இருக்கும், அதிலேயே போட்டுவிடுவோம். அதன் உள்வாய் 21 மி.மீ. அளவுதான். எச்.டி.எம்.ஐ. தலையோ உறையோடு சேர்த்து ஏறக்குறைய 20 மி.மீ. அகலம். நேராக இருந்தால் போகும், வளைவில் போகாது.

எல்போவைச் சொல்லவே சொல்லாதீர்கள் சார், மெல்ல வளைகிற லாங் பெண்ட் கேளுங்கள். இரண்டு வளைவுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு பாக்ஸ் வைக்கச் சொல்லுங்கள், அங்கிருந்து கை கொடுத்து இழுக்கலாம். கரண்ட் வயரும் இதுவும் ஒரே பைப்பில் போகக் கூடாது. இரண்டும் கூடவே ஓடினால் ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும், குறுக்கே தாண்ட வேண்டி வந்தால் நேர்க்குறுக்காகத் தாண்டட்டும்.

பைப் போட்டதும் உள்ளே நைலான் கயிறு ஒன்றை விட்டு, இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டு வையுங்கள். பின்னால் கேபிள் இழுக்கும்போது, இன்னொரு கயிற்றையும் சேர்த்து இழுத்துவிட வேண்டும். வாயைத் துணியால் அடையுங்கள். நாலு மாதம் திறந்து கிடந்த பைப்பில் குளவி மண் கூடு கட்டி, நான் கம்பி விட்டுக் குத்தி எடுத்திருக்கிறேன். எச்.டி.எம்.ஐ. போக கேட் 6 (இன்டர்நெட் நெட்வொர்க்) வயர் இரண்டு போட்டு வைத்தால் நல்லது, எதற்காவது உதவும். வாங்கும்போது அந்த வயரின் செப்புக் கம்பி நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்தின் மேல் செப்புப் பூசியது, வேண்டாம்.

பூசுவதற்கு முன்னால் அளவு டேப்பைச் சுவரில் பிடித்துப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆணி அடிக்கிறவர் பைப்பில் அடிக்காமல் இருக்க அந்தப் போட்டோ ஒன்றுதான் வழி.

புதுக்கோட்டையிலிருந்து

மதுரை அண்ணே, சரியான நேரத்தில் எழுதினீர்கள். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கூரைக் கான்கிரீட். 5 அங்குல ஸ்லாப். கம்பி கட்டி முடித்துவிட்டார்கள். புரொஜெக்டர், அறையின் நடுவில் வரும், 100 அங்குலத் திரை, 3 மீட்டர் தள்ளி. ஸ்லாப்புக்குள்ளேயே 2 அங்குல பைப்பைப் போட்டுவிடலாமா?

மதுரையிலிருந்து

போடாதீர்கள் தம்பி. 5 அங்குல ஸ்லாப்பில் 2 அங்குல பைப் போனால் அந்த இடத்தில் கான்கிரீட் என்ன மிஞ்சும்? கனத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பைப் இருக்கக் கூடாது என்று எங்கள் இன்ஜினியர் கண்டிப்பாகச் சொல்வார். ஸ்லாப்பில் புரொஜெக்டரின் கரண்டுக்கு மட்டும் ஒரு 25 மி.மீ. பைப் விடுங்கள், ஒரு பாக்ஸோடு. கேபிள் பைப் திரைக்குப் பக்கத்துச் சுவரில் நேர்க்குத்தாக ஏறட்டும். 9 அங்குலச் சுவர்தானே? நேர்க்குத்துக் காடி அதற்கும் மூன்றில் ஒன்று வரை தாங்கும். படுக்கைக் காடி வேண்டாம், அது ஆறில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. மேலே வந்ததும் ஸ்லாப்புக்கு அடியிலேயே கிளிப் போட்டு நடு வரை கொண்டுபோங்கள். ஃபால்ஸ் சீலிங் அதை மறைத்துவிடும். எதற்கும் உங்கள் இன்ஜினியரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுக்கோட்டையிலிருந்து

இன்ஜினியரிடம் பேசிவிட்டேன் அண்ணே, அவரும் இதையேதான் சொன்னார். ஸ்லாப்பில் கரண்ட் பைப் மட்டும் இன்று மாலை கட்டியாயிற்று, பாக்ஸின் வாயில் தெர்மாகோல் அடைத்திருக்கிறேன். சுவரில் காடி வெட்டும்போது போட்டோ எடுத்து இங்கே போடுகிறேன்.