பெருக்கியின் ‘கெயின்’ திருகுக்குத் தமிழில் என்ன பெயர்?

தொடக்க மடல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பிக்கப் வண்டியில் ஸ்டீரியோ, பெருக்கி, சப்வூஃபர் மூன்றையும் தாமே பொருத்திக்கொள்வோருக்கான கையேடு முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஸ்பீக்கர், சப்வூஃபர், ஃபியூஸ், ரிமோட் கம்பி ஆகியவற்றை அப்படியே விட்டிருக்கிறேன். கடையில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் பொருள் கிடைக்கும்.

‘ஒலிபெருக்கி’ என்ற சொல்லை மட்டும் முழுக்கத் தவிர்த்தேன். வழக்கில் அது ஸ்பீக்கர், சொற்பொருளில் ஆம்ப்ளிஃபயர். ‘ஒலிபெருக்கியின் நெகட்டிவ் முனையை வண்டியின் உடலோடு இணைக்கவும்’ என்று எழுதினால், ஒருவர் ஸ்பீக்கரின் முனையைக் கொண்டுபோய் உடலில் முடுக்கிவிடுவார். ஸ்டீரியோவின் வெளியீடு கருகிவிடும். அதனால் ஆம்ப்ளிஃபயருக்கு வெறும் ‘பெருக்கி’.

இப்போது சிக்கல் ‘கெயின்’ திருகு. பாடநூல் வழக்கில் பெருக்கம், ஈட்டம் இரண்டும் உண்டு. முதல் வரைவில் ‘பெருக்கம்’ என்றே எழுதினேன். ஆனால் ‘பெருக்கத்தைச் சரிசெய்க’ என்று படிப்பவர், ஒலி போதவில்லை என்றால் கூட்டிக்கொள்ளும் திருகு என்றே எடுத்துக்கொள்வார். கையேட்டில் மிகுதியான ஸ்பீக்கர்களைப் பலிவாங்கப்போவது இந்த ஒரு சொல்தான் என்று அஞ்சுகிறேன். வேறு சொல் வேண்டும்.

மறுமொழி

> ஒலி போதவில்லை என்றால் கூட்டிக்கொள்ளும் திருகு

அச்சம் சரியானது. சொல் தேடுமுன் அந்தத் திருகு என்ன செய்கிறது என்பதை எண்ணோடு பார்த்துவிடலாம்.

4 ஓம் ஸ்பீக்கருக்கு 75 வாட் தரும் பெருக்கி ஒன்று. வாட்டையும் ஓமையும் பெருக்கினால் 300. அதன் வர்க்கமூலம் 17.3. ஆக, வெளியீட்டு முனையில் 17.3 வோல்ட் வந்தால் அந்தப் பெருக்கி தன் முழுத் திறனுக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் அலை சிதையாமல் தருவதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை, திருகை எங்கே வைத்தாலும் சரி. அந்த 17.3 வோல்ட்டை எட்டுவதற்கு ஸ்டீரியோவிலிருந்து எத்தனை வோல்ட் வரவேண்டும் என்பதைத்தான் திருகு முடிவுசெய்கிறது. இடக்கோடியில் 4 வோல்ட் வரவேண்டும். வலக்கோடியில் 0.2 வோல்ட் வந்தாலே போதும்.

ஸ்டீரியோ 4 வோல்ட் அனுப்பும்போது திருகு வலக்கோடியில் இருந்தால், ஒலியளவை அந்த 4 வோல்ட்டின் இருபதில் ஒரு பங்குக்கு, அதாவது 0.2 வோல்ட்டுக்கு, உயர்த்தியதுமே பெருக்கி நிரம்பிவிடும். அதற்கு மேல் அலையின் உச்சி தட்டையாகிவிடும். கத்தரிக்கோலால் மேட்டை வெட்டியதுபோல, வளைவு இருந்த இடத்தில் நேர்கோடு. இதற்கு ‘முகடு வெட்டு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். நடப்பதை அப்படியே காட்டுகிறது.

முகடு வெட்டு ஏன் ஸ்பீக்கரைக் கொல்கிறது என்பதையும் கையேட்டில் சொல்ல வேண்டும். 17.3 வோல்ட் சைன் அலையின் உச்சி 24.5 வோல்ட். அதே உச்சியில் அலை முழுக்கச் சதுரமாகிவிட்டால் 4 ஓமில் 150 வாட் பாயும். 75 வாட் என்று எழுதியிருக்கும் பெருக்கி அதன் இருமடங்கை அனுப்புகிறது. சதுர அலையின் கூர்முனைகள் மேல்சுருதி அதிர்வுகளாகப் பிரிந்து, ஒலியை அதிர்வெண்வாரியாகப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவரைத் தாண்டி, மேல்சுருதிக்கான சிறிய ஸ்பீக்கராகிய ட்வீட்டருக்குப் போகும். முதலில் போவது அதன் மெல்லிய சுருள்தான்.

ஆகவே ‘பெருக்கம்’ வேண்டாம். ‘ஈட்டம்’ இன்னும் மோசம். திருகினால் ஏதோ கிடைக்கும் என்கிறது.

மறுமொழி

ஐயா விளக்கியபின் சொல் எளிதாகிறது. இது பொருத்துகிற வேலை, கூட்டுகிற வேலையில்லை. கச்சேரிக்கு முன் தம்புராவுக்குச் சுருதி சேர்த்துவிட்டால் பாடும்போது பிருடையைத் தொடுவதில்லை. உரக்கப் பாடுவது குரலின் வேலை. இந்தத் திருகு பிருடை, ஸ்டீரியோவின் ஒலியளவு குரல்.

என் பரிந்துரைகள் இரண்டு.

உணர்திறன். பெருக்கியின் விவரத்தாளிலேயே உள்ளீட்டு உணர்திறன் என்ற பொருளில்தான் இந்த வோல்ட் எண்களைத் தருகிறார்கள்.

வரவிசைவு. வரவு, இசைவு இரண்டும் சேர்ந்தது. வரும் மின்னழுத்தத்துக்கு இசைய வைத்தல்.

மறுமொழி

இரண்டுக்கும் தடை சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘உணர்திறன்’ இதே கையேட்டில் முன்பே வேறு வேலையில் அமர்ந்துவிட்டது. ஸ்பீக்கர் தேர்வுப் பகுதியில் ‘1 வாட், 1 மீட்டர் தொலைவில் 90 டெசிபெல்’ என்று வருவது ஸ்பீக்கரின் உணர்திறன். அங்கே எண் கூடினால் நல்லது. இங்கே எண் கூடினால் பெருக்கிக்கு உணர்வு குறைவு. ஒரே சொல் இரண்டு பக்க இடைவெளியில் எதிரெதிராக நடந்தால் படிப்பவர் என்ன செய்வார்?

‘வரவிசைவு’ பொருளில் அழகானது. ஆனால் வேகமாகப் படிக்கும் கண் ‘வர விசைவு’ என்றே பிரிக்கும். மின் வேலையில் விசை என்றால் சுவிட்ச். கூடவே ‘இசை’யும் ஒட்டிக்கொள்கிறது. புணர்ச்சியில் தடுக்கும் சொல்லைக் கையில் ஸ்க்ரூடிரைவரோடு பின்சீட்டுக்கு அடியில் குனிந்திருப்பவருக்குத் தரக்கூடாது.

திருகைச் சுற்றி அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். பல பெருக்கிகளில் இடக்கோடியில் 4 வோல்ட் அல்லது 6 வோல்ட், வலக்கோடியில் 0.2 வோல்ட். வலப்பக்கம் திருகத் திருக எண் குறைகிறது. ‘பெருக்கம்’ என்று பெயர் வைத்தால், கூட்டும்போது எண் ஏன் இறங்குகிறது என்று குழப்பம். எண்ணோடு சேர்ந்து நடக்கும் பெயர் வேண்டும்.

என் பரிந்துரை ஏற்பளவு. பெருக்கி முழுத் திறனை எட்ட, உள்ளே ஏற்கும் வோல்ட் அளவு. 4 வோல்ட் வருகிறதா, ஏற்பளவு 4. 2 வோல்ட் வருகிறதா, ஏற்பளவு 2. ஏற்பளவைக் குறைத்தால் சிறிய வரவிலேயே பெருக்கி நிரம்பிவிடும் என்பது சொல்லிலேயே தெரிகிறது. ஏற்பளவை வை, உயர்த்து, தாழ்த்து என்று வினையோடும் ஒட்டுகிறது. புணர்ச்சிச் சிக்கலும் இல்லை.

மறுமொழி

‘ஏற்பளவு’ நன்று. ஒரு கிளைச்சொல்லையும் கையோடு முடித்துவிடலாம், ஏனென்றால் இரண்டும் பிணைந்தவை. வரைவில் நெகட்டிவ் இணைப்பை ‘புவியிணைப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். ரப்பர் டயரில் நிற்கும் வண்டியில் புவி எங்கே வந்தது? மின்னோட்டம் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்புகிறது, அதற்கான பாதை வண்டியின் உலோக உடல். மெக்கானிக்குகள் ‘பாடி எர்த்’ என்பார்கள், பாதி சரி. ‘உடலிணைப்பு’ என்றால் முழுக்கச் சரி.

பிக்கப்பில் இது வெறும் சொல் சுத்தம் இல்லை. பெரும்பாலான பிக்கப்களில் உடல் ஒரே துண்டு அல்ல. ஆட்கள் அமரும் கூண்டு, சரக்குத் தொட்டி, அடிச்சட்டம் மூன்றும் தனித்தனி. கூண்டு அடிச்சட்டத்தின்மேல் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. கூண்டையும் அடிச்சட்டத்தையும் பேட்டரியையும் இணைப்பது ஓரிரு பட்டைக் கம்பிகள்தான். தொழிற்சாலையில் வைத்த அந்தப் பட்டை விளக்குகளுக்கும் வைப்பருக்கும் போதும். 600 வாட் பெருக்கிக்குப் போதாது. 80 விழுக்காட்டுத் திறனுள்ள டி வகுப்புப் பெருக்கி என்றே வைத்துக்கொண்டாலும், 600 வாட் தர அது இழுக்கும் 750 வாட்டை 13.8 வோல்ட்டால் வகுத்தால் 54 ஆம்பியர்.

ஆகவே கையேட்டில் இப்படி இருக்கட்டும்: பின்சீட்டுக்குப் பின்னாலோ அடியிலோ பெருக்கி இருந்தால் உடலிணைப்பு கூண்டின் தளத் தகட்டில், 45 சென்டிமீட்டருக்குள். சரக்குத் தொட்டியில் கூடாது. சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது. அது உயிர் காக்கும் போல்ட், அதன் அடியில் வளையம் செருகி இறுக்கத்தைக் கெடுக்கக்கூடாது. பெயின்ட்டை பளபளக்கும் வெறுந்தகடு தெரியும்வரை சுரண்டி, நெருக்கிய வளைய முனையையும் பல்வாஷரையும் வைத்து முடுக்கி, மேலே துருத்தடுப்புப் பெயின்ட் பூச வேண்டும். துளையிடுமுன் தகட்டுக்குக் கீழே பிரேக் குழாயோ எரிபொருள் குழாயோ ஓடுகிறதா என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். பாசிட்டிவ் கம்பி 21 சதுர மி.மீ. என்றால் உடலிணைப்புக் கம்பியும் அதே 21. பேட்டரியிலிருந்து கூண்டுக்கும் அடிச்சட்டத்துக்கும் அதே தடிமனில் ஆளுக்கொரு கம்பி கூடுதலாகப் போட வேண்டும். கம்பி முழுச் செம்பாக இருக்கட்டும்; செம்பு பூசிய அலுமினியம் என்றால் ஒரு படி தடித்தது வேண்டும்.

சோதனை எளிது. பாட்டு உரக்க ஓடும்போது மல்டிமீட்டரை நேர்மின் (டி.சி.) வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பெருக்கியின் நெகட்டிவிலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நலம். அரை வோல்ட் காட்டினால் எங்கோ பெயின்ட் மேலேயே போல்ட் உட்கார்ந்திருக்கிறது.

ஏற்பளவோடு பிணைப்பு இதுதான். எஞ்சின் வேகம் ஏற ஏற ‘ங்ஙீஈஈ’ என்று ஏறும் இரைச்சல், உடலிணைப்புக் கோளாறால், ஸ்டீரியோவின் ஒலியைப் பெருக்கிக்குக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கம்பிவழி பெருக்கிக்குள் நுழைவது. ஏற்பளவு 4 வோல்ட்டில் இருக்கும்போது காதுக்கே எட்டாத அந்த இரைச்சல், 0.2 வோல்ட்டில் இருபது மடங்காகும், 26 டெசிபெல். இரைச்சல் வடிகட்டி வாங்கி மாட்டுமுன் ஏற்பளவையும் உடலிணைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுமொழி

‘ஏற்பளவு’ குறித்து ஒரு ஐயம். ‘இதற்கு மேல் தாங்காது’ என்ற எல்லையாகப் புரிந்துகொள்ள மாட்டார்களா? 4 வோல்ட் ஏற்பளவு என்றால் 5 வோல்ட் கொடுத்தால் எரிந்துபோகும் என்பதுபோல. ஒலிக்கலவை மேசையிலும் கெயின் திருகு இருக்கிறது. அங்கே இந்தச் சொல் பொருந்துமா?

மறுமொழி

> இதற்கு மேல் தாங்காது

அந்தப் பொருளுக்குத் ‘தாங்குதிறன்’ இருக்கிறது. ஸ்பீக்கரின் வாட் எண்ணுக்குக் கையேடு அதைத்தான் வைத்திருக்கிறது. ஏற்பளவைத் தாண்டினால் பெருக்கி எரியாது, முகடு வெட்டும். இந்த வேறுபாட்டை ஒரு வரியில் சொல்லிவிட்டால் ஐயம் தீரும். இரண்டு சொற்களும் அருகருகே வருவதே படிப்பவருக்கு உதவும்.

கலவை மேசை வேறு. அங்கே திருகைச் சுற்றி டெசிபெல் எண்கள், வலப்பக்கம் திருகினால் ஏறும். அங்கே ‘பெருக்கம்’ சரியான சொல். மின்சுற்றுப் பாடத்தில் வெளியீட்டை உள்ளீட்டால் வகுத்து வரும் எண்ணுக்கும் அதுவே இருக்கட்டும். வோல்ட் அச்சிட்ட வாகனப் பெருக்கியின் திருகுக்கு மட்டும் ஏற்பளவு. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாம் இரண்டு பொருளை ஒரே சாக்கில் கட்ட வேண்டியதில்லை.

தொடங்கியவரின் மடல்

ஏற்பளவு, முகடு வெட்டு, உடலிணைப்பு மூன்றையும் ஏற்கிறேன். அந்தப் பகுதியை மாற்றி எழுதியிருக்கிறேன். சொற்கள் தாங்குகின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

“பெருக்கியிலிருந்து ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றிவிடவும். ஸ்டீரியோவில் பேஸ், ட்ரெபிள், லவுட்னஸ் எல்லாவற்றையும் சுழியில் வைக்கவும். பெருக்கியின் பேஸ் பூஸ்ட்டையும் அணைக்கவும். ஏற்பளவுத் திருகை எண் மிகுந்த கோடிக்குக் கொண்டுபோகவும்.

கதவு ஸ்பீக்கர் வழிக்கு 400 ஹெர்ட்ஸ், சப்வூஃபர் வழிக்கு 50 ஹெர்ட்ஸ் சைன் ஒலிக்கோப்பை, 0 டெசிபெல் (கோப்பில் பதியக்கூடிய உச்ச) அளவில் பதிந்தது, ஓடவிடவும். 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம். எளிய மல்டிமீட்டர்கள் பலவும் சுமார் 400 ஹெர்ட்ஸ்வரைதான் சரியாக அளக்கும். ஸ்டீரியோவின் ஒலியளவை முக்கால் பங்குக்கு உயர்த்தவும்: 40 படி இருந்தால் 30.

மல்டிமீட்டரை மாறுமின் (ஏ.சி.) வோல்ட்டில் வைத்துப் பெருக்கியின் ஸ்பீக்கர் முனைகளில் பிடிக்கவும். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த எண்ணே இலக்கு: 75 வாட், 4 ஓம் என்றால் 17.3, 300 வாட், 4 ஓம் என்றால் 34.6. ஏற்பளவை மெல்லத் தாழ்த்திக்கொண்டே வந்து இலக்கில் நிறுத்தவும். ஸ்பீக்கரின் தாங்குதிறன் பெருக்கியின் வாட்டைவிடக் குறைவு என்றால் ஸ்பீக்கரின் வாட்டைக் கொண்டு கணக்கிடவும்.

கடைசிக் கோடிவரை தாழ்த்தியும் இலக்கு வரவில்லை என்றால் வரவு குறைவு, ஆர்.சி.ஏ. முனையில் வோல்ட்டை அளந்து பார்க்கவும். ஸ்டீரியோவின் பெட்டியில் 4 வோல்ட் என்று அச்சிட்டிருந்தாலும் முக்கால் ஒலியளவில் அதைவிடக் குறைவாகவே வரும். கிராஸ்ஓவர் அந்த அதிர்வெண்ணை மறித்துக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்கவும்.

ஒலியளவைச் சுழிக்கு இறக்கியபின்பே ஸ்பீக்கர் கம்பிகளை மாட்டவும். திருகின் நிலையைப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடிட்டுக் குறிக்கவும். இனி ஒலியைக் கூட்டக் குறைக்க ஸ்டீரியோதான். ஏற்பளவைத் தொட வேண்டாம். 30ஆம் படிக்கு மேலும் போக வேண்டாம்.”

மறுமொழி

தாங்குகின்றன. ‘ஏற்பளவை மெல்லத் தாழ்த்திக்கொண்டே’ என்ற இடத்தில் மட்டும் ‘வலப்பக்கம் திருகி’ என்று சேர்த்துவிடுங்கள். திருகின் காடி மிகச் சிறியது, சீட்டுக்கு அடியில் எண் தெரியாது.