பள்ளி மணி, கோயில் மணி இரண்டும் ஒரே வாத்தியார் கையில்: டெல்டா கிராமங்களில் பார்த்தது, கேட்டது

(பள்ளி வாத்தியாரே கோயில் வேலையையும் பார்க்கும் கிறிஸ்தவக் கிராமங்களைப் பற்றி வாசகர்கள் சொன்னவை; பெரும்பாலும் கத்தோலிக்கக் கோயில்கள்.)

கொள்ளிடக்கரை:

பங்குச்சாமி, அதாவது பங்குக் கோயிலின் குருவானவர், மாதத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் இரண்டுமுறை எட்டிப்பார்க்கும் கிளைக்கிராமங்களில் மற்ற ஞாயிறுகளை நடத்துவது பெரும்பாலும் பள்ளி வாத்தியார்தான். டீச்சரம்மா நடத்தும் ஊர்களும் உண்டு. சாமி இல்லாத ஞாயிறு பூசை கிடையாது. இறைவார்த்தை வழிபாடு மட்டும். மன்னிப்பு வழிபாடு, வாசகங்கள், விசுவாச அறிக்கை, மன்றாட்டு, கர்த்தர் கற்பித்த செபம், அவ்வளவுதான். நற்கருணை கொடுப்பது அதற்கென அனுமதி பெற்றவர் மட்டும். "நீங்களே குடுத்துருங்க வாத்தியாரே" என்று ஊர் கேட்கும், மறுத்துவிட வேண்டும்.

தவறு அதிகம் நடப்பது வாசகத்தில், அதாவது அன்றன்றைக்கு வாசிக்கவேண்டிய பைபிள் பகுதியில். ஞாயிறு வாசகம் மூன்றாண்டுச் சுழற்சி. வருடத்தை 3ஆல் வகுத்து மீதி 1 வந்தால் முதலாம் ஆண்டு, 2 வந்தால் இரண்டாம் ஆண்டு, மீதியே இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டு. 2025 மூன்றாம் ஆண்டு, 2026 முதலாம் ஆண்டு. இது எல்லா வாத்தியாருக்கும் தெரியும். சறுக்குவது எங்கே என்றால், வழிபாட்டு ஆண்டு சனவரியில் பிறப்பதில்லை. நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையே வரும் திருவருகைக்கால (கிறிஸ்துமஸுக்கு முந்தைய தயாரிப்புக் காலம்) முதல் ஞாயிறிலேயே அடுத்த வருடக் கணக்கு தொடங்கிவிடும். நம் பக்கம் அது அடைமழைக் காலம். கோயில் ஓடு எங்கே ஒழுகுகிறது, பள்ளிக்கு நாளைக்கு லீவா என்று அலையும்போது கை பழைய ஆண்டின் பக்கத்தையே திறக்கும். சனிக்கிழமை சாயங்காலமே வாசகப் புத்தகத்தின் அடையாள நாடாவை மாற்றிப் போட்டுவிடுங்கள். வாசிக்கப்போகும் பிள்ளையை இரண்டு தடவை உரக்க வாசிக்கவைத்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் 'செருபாபேல்' வாயில் நுழைய நேரம் பிடிக்கும்.

வெண்ணாற்றங்கரை:

அவசரத் திருமுழுக்கை (ஞானஸ்நானத்தை) பற்றி யாரும் சொல்லவில்லையே. பச்சைப்பிள்ளை பிழைக்குமோ பிழைக்காதோ என்ற நிலையில், நடுராத்திரியில் கதவைத் தட்டுவது வாத்தியார் வீட்டைத்தான். வேண்டியது சுத்தமான தண்ணீர், ஒரு டம்ளர் போதும். அடிபம்புத் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர் எதுவானாலும் சரி. பன்னீரோ இளநீரோ கூடாது. நெற்றியில் தொட்டுவைத்தால் போதாது, தலையில் வழிந்தோட வேண்டும். ஊற்றிக்கொண்டே, "நான் தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று பிள்ளையின் பெயரையும் சேர்த்துச் சொல்லி முடிக்க வேண்டும். ஊற்றுகிறவரே சொல்ல வேண்டும். ஒருவர் ஊற்ற இன்னொருவர் சொன்னால் செல்லாது. கூட ஒரு சாட்சி நிற்கட்டும். தேதி, பெற்றோர் பெயர், சாட்சி பெயர் மூன்றையும் அன்றைக்கே எழுதிப் பங்குச்சாமியிடம் சேர்த்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் பிள்ளை தேறியபின் கோயிலில் மறுபடி தண்ணீர் ஊற்றச் சொல்லி நிற்பார்கள். திருமுழுக்கு ஒருமுறைதான். பிறகு நடப்பது எண்ணெய் பூசுதல், வெள்ளாடை, மெழுகுவர்த்தி போன்ற மீதிச் சடங்குகள் மட்டும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

பதிவேடு விவகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய காலத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது பொருந்த வேண்டுமென்று ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியை வாத்தியாரே போட்டுவிடுவார். கோயில் பதிவேட்டில் உண்மைத் தேதி இருக்கும். பெயரும் அப்படித்தான்: அங்கே சவரிமுத்து, இங்கே முத்து. கல்யாண ஓலை (கோயிலில் படிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்கும் நேரத்தில் இரண்டும் முட்டிக்கொள்ளும். இரண்டு ஏடும் ஒரே கையெழுத்து என்பதால் "நீங்களே திருத்திடுங்க" என்று வருவார்கள். திருமுழுக்கு ஏட்டில் வாத்தியார் கைவைக்கக் கூடாது. பங்குச்சாமி ஓரக்குறிப்பு எழுத வேண்டும். பள்ளிச் சான்றிதழுக்குக் கல்வித்துறை வழியாகத்தான் போக வேண்டும்.

திருவிழா வரிப்பணத்தைப் பள்ளிப் பீரோவில் வைக்காதீர்கள். தணிக்கைக்கு வருகிறவர் கேட்டால் பதில் இருக்காது. தை, மாசி அறுவடைக்குப் பிறகுதான் வரி சேரும். அந்த வேகத்தில் ரசீது எழுதாமல் வாங்குவதுதான் பின்னால் சண்டையாகும்.

அரசு உதவிபெறும் பள்ளியென்றால் இன்னொன்று. அரசியலமைப்பு 28(3)படி, பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையையும் மறைக்கல்வியில் உட்காரவைக்க முடியாது. மற்றப் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் நீதிபோதனை வையுங்கள். வெளியே மரத்தடியில் சும்மா விடுவது சட்டப்படி சரியாக இருக்கலாம், வாத்தியார் வேலை அது இல்லை.

தரங்கை வாசகர்:

லுத்தரன் சபைப் பக்கம் இந்த இரட்டை வேலைக்கு வயது முந்நூறு. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு பள்ளியையும் சபையையும் பிரித்துப் பார்க்கவில்லை. 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன் அதற்கு முன் உபதேசியார்தான் (மறைபோதனை செய்கிறவர்).

கொள்ளிடக்கரை:

ஆகஸ்ட் கடைசி விட்டுப்போயிற்று. 29ஆம் தேதி வேளாங்கண்ணிக் கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. திருவாரூர், நாகப்பட்டினம் சாலையோர ஊர்களில் காவி உடுத்தி நடந்து வருகிறவர்களுக்கு இராத்தங்கல் பள்ளி வராந்தாதான். தலைமையாசிரியர், தாளாளர் இருவர் அனுமதியும் எழுத்தில் இருக்கட்டும். மாலை 6 மணிக்கே மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவிடுங்கள், பிறகு மின்சாரத்தை நம்ப முடியாது. கால் கொப்புளத்தைக் குத்தி உடைக்கவேண்டாம், கழுவித் துணி சுற்றினால் போதும். தளர்ந்து வருகிறவர்களுக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர்: ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய தேக்கரண்டியில் சர்க்கரை 6, உப்பு அரை. 20 லிட்டர் அண்டாவென்றால் சர்க்கரை அரைக்கிலோ, உப்பு 60 கிராம். இளைஞர்கள் கைப்பிடிக் கணக்கில் உப்பை அள்ளிப்போட்டு அண்டாவையே கவிழ்க்கவேண்டி வரும். உப்பை மட்டும் முன்கூட்டியே நிறுத்துப் பொட்டலமாகக் கட்டி வையுங்கள்.