புதுப்பிப்பு: ரெடிங்கில் குறைந்த செலவில் கயாக் பயிற்சியும் முதல் பந்தயமும்

இங்கிலாந்தின் ரெடிங் நகரில் படிக்கும் நான், மாணவர் வருமானத்தில் கயாக் பந்தயத்தில் இறங்க வழியுண்டா, பழைய கே1 படகு (ஒருவர் மட்டும் ஓட்டும் ஒல்லியான பந்தயக் கயாக்) ஒன்றை வாங்கலாமா என்று சென்ற இலையுதிர்காலத்தில் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

படகு வாங்காமல் கிளப்பில் சேருங்கள் என்ற ஆலோசனையே பலித்தது. 5.20 மீட்டர் நீளப் படகை வாங்கியிருந்தால் அதை வைக்க என் வாடகை அறையில் இடமும் இல்லை, தேம்ஸ் கரைக்குக் கொண்டுபோக வண்டியும் இல்லை. கிளப்பிலோ ஆண்டுச் சந்தாவுக்குள் படகு, துடுப்பு, மிதவை அங்கி மூன்றும் அடங்கிவிட்டன. ஆற்றில் இறங்கத் தனி உரிமம் எடுக்க வேண்டுமே என்று பயந்ததும் வீண். பேடில் யூகே என்ற துடுப்புப் படகு விளையாட்டு அமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்தால் தேம்ஸ், கென்னட்-ஏவன் கால்வாய் இரண்டுக்கும் அதுவே போதும்.

அகலமான படகில் தொடங்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. அவசரப்பட்டு ஒருநாள் ஒல்லியான கே1-இல் உட்கார்ந்து பார்த்தேன். கரையை விட்டு மூன்றாவது துழாவலிலேயே தண்ணீரில் கிடந்தேன்.

மார்ச்சில் ஹாஸ்லர் என்ற, கிளப்புகளுக்கிடையிலான நெடுந்தூரக் கயாக் பந்தய வரிசையின் ஒன்பதாம் பிரிவில், அதாவது தொடக்கநிலையில், ஏறத்தாழ 4 மைல் ஓட்டினேன். எதிர்பாராதது ஒன்று நடந்தது: பாதித் தூரத்தில் படகு திடீரெனக் கனத்தது. கை சோர்ந்துவிட்டது என்றே எண்ணினேன்; உண்மையில் அடியிலிருந்த சுக்கானில் நீர்க்களை கயிறுபோலச் சுற்றியிருந்தது. நிறுத்தி நான்கைந்து முறை பின்னோக்கித் துழாவியதும் கழன்றுவிட்டது. கடைசிக்கு முந்தைய இடம்தான் கிடைத்தது. பந்தயக் கட்டணம் போக எனக்கான செலவு, படகுகளை ஏற்றிச் சென்ற காரின் பெட்ரோலில் ஒரு பங்கு மட்டுமே.